தோற்கும் உரிமை

கண் தெரியாதவர்கள் காதை மட்டுமே நம்பி ஆடக்கூடிய வீடியோ கேம்கள் உலகத்தில் இருக்கின்றன என்று ஒரு கூட்டத்தில் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். சொன்னதுதான் தாமதம், கூட்டத்தின் முகமே மாறிவிட்டது. அதுவரை என்னோடு உற்சாகமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் தலையைச் சாய்த்துக்கொண்டு, "பாவம்... ரொம்பப் புண்ணியமான காரியம்" என்றார்கள். ஒரு பெரியவர் மட்டும் துணிந்து, "படிப்புக்கும் வேலைக்கும் வழியில்லாமல் கிடக்கிறார்கள். அவர்களுக்கு இப்போது விளையாட்டு ஒன்றுதான் குறைச்சலா?" என்று கேட்டார்.

புண்ணியம் என்றவர்களைவிட அந்தப் பெரியவரிடம் எனக்கு மரியாதை அதிகம். அவர் மனத்தில் இருந்ததைச் சொன்னார். ஆனால் இரண்டு தரப்பாரும் செய்கிற தவறு ஒன்றேதான். விளையாட்டு என்பது கொடுக்கிறவன் கையில் மிச்சமிருந்தால் போடுகிற பிச்சை என்று இருவருமே நினைக்கிறார்கள். ஒருவர் போடலாம் என்கிறார்; மற்றவர் இப்போது வேண்டாம் என்கிறார். வித்தியாசம் அவ்வளவுதான்.

என் கட்சி வேறு. பார்வையற்ற மனிதனுக்கு இந்த உலகம் மறுத்திருக்கும் காரியங்கள் ஏராளம். படிப்பை மறுத்தது, வேலையை மறுத்தது, தனியாகத் தெருவில் நடப்பதை மறுத்தது என்று நாம் கணக்கு எழுதுகிறோம். அந்தக் கணக்கில் யாரும் எழுதாமல் விட்ட ஓர் இனம் உண்டு. நியாயமாகத் தோற்பதற்கு அவனுக்கு இருக்கும் உரிமைதான் அது.

சிரிக்க வேண்டாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாலு குழந்தைகள் இருக்கிற வீட்டில் ஒரு குழந்தைக்குக் கண் தெரியாது என்றால் என்ன நடக்கிறது? மற்றக் குழந்தைகளைப் பெரியவர்கள் கண்ணைக் காட்டி அடக்குகிறார்கள். "அவனை ஜெயிக்க விடுங்கடா!" அவன் ஜெயிக்கிறான், ஜெயித்ததாகச் சொல்கிறார்கள். அது பொய் என்பது அந்தக் குழந்தைக்கு எப்படியும் தெரிந்துவிடும். குரலில் இருக்கும் விட்டுக்கொடுப்பைக் காதால் கண்டுபிடிப்பதில் அவனைவிடக் கெட்டிக்காரன் யார்? பிறகு அவன் வளர்ந்து ஒரு வீடியோ கேமின் முன்னால் உட்காருகிறான். அங்கே நேர் எதிரான பொய். எதிரி எங்கே நிற்கிறான், பள்ளம் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் திரையில் மட்டும் இருக்கின்றன. அவனிடம் யாரும் சொல்லவில்லை. விழுகிறான், தோற்றான் என்கிறது யந்திரம். இது தோல்வியா? சீட்டைக் காட்டாமலே ஆட்டம் முடிந்தது என்று சொன்னால் அதற்குச் சூது என்று பெயர்.

வீட்டிலே பொய் வெற்றி, வெளியிலே பொய்த் தோல்வி. இந்த இரண்டுக்கும் நடுவில், தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்த பிறகும் தன் கை பிசகித் தோற்பது என்கிற நேர்மையான அனுபவம் இருக்கிறதே, அதிலிருந்துதான் மனிதன் அடுத்த ஆட்டத்துக்கு எழுந்திருக்கிறான். காதால் ஆடும் விளையாட்டுக்கள் தரவேண்டியது அதைத்தான். தருகின்றனவா இல்லையா என்பதை வைத்துத்தான் அவற்றை எடை போட வேண்டும்.

முதலில் பெரியவரின் கேள்வியை முடித்துவிடுகிறேன். வயிறு நிறைந்த பிறகுதான் விளையாட்டு என்பது கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் சரித்திரம் அப்படி நடக்கவில்லை. 1922-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தில் பார்வையற்ற தொழிலாளர்கள் இருவர் ஒரு தகர டப்பாவுக்குள் கற்களைப் போட்டுக் குலுக்கி, அதையே பந்தாக வைத்துக்கொண்டு கிரிக்கெட் ஆடத் தொடங்கினார்கள். அவர்களுக்கு எந்தத் தர்மப் பிரபுவும் அனுமதி கொடுக்கவில்லை. சத்தம் போடும் அந்தப் பந்து 1998-ல் டில்லியில் பார்வையற்றோரின் முதல் உலகக் கோப்பைப் போட்டி வரைக்கும் உருண்டு வந்துவிட்டது.

இன்னொன்று கேளுங்கள். 1946-ஆம் வருஷம். ஐரோப்பா இடிபாடுகளுக்கு நடுவில் ரேஷனில் ரொட்டி வாங்கித் தின்றுகொண்டிருந்த காலம். ஆஸ்திரியாக்காரரான ஹான்ஸ் லோரன்ஸனும் ஜெர்மானியரான ஸெப் ரைன்டிலும் யுத்தத்தில் கண்ணிழந்த சிப்பாய்களுக்காக ஒரு விளையாட்டை உண்டாக்கினார்கள். இன்று அதற்குக் கோல்பால் என்று பெயர். பந்துக்குள் மணி இருக்கும். பக்கத்துக்கு மூன்று பேர். உருண்டு வரும் பந்தின் ஓசையைக் கேட்டு, தரையில் பாய்ந்து உடம்பால் தடுக்க வேண்டும். ரொட்டிக்கே வழியில்லாத காலத்தில் விளையாட்டு எதற்கு என்று கேட்டிருந்தால் அந்தச் சிப்பாய்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? ரொட்டி இல்லாத நேரத்தில் நீங்கள் சீட்டாடுவதில்லையா என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள்.

இந்தக் கோல்பாலின் சட்டங்களில் இரண்டு எனக்கு மிகவும் பிடித்தவை. ஆடுகிறவர்கள் எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். கொஞ்சம் நிழலாவது தெரிகிறவனும் ஒன்றுமே தெரியாதவனும் ஒரே இருட்டில் நிற்கிறார்கள். அடுத்தது, பந்து ஓடும்போது பார்வையாளர்கள் வாயைத் திறக்கக் கூடாது. நாம் ஆட்டக்காரனுக்காக இரக்கப்பட வேண்டியதில்லை. அவன் காதை மறைக்காமல் இருந்தால் போதும். பார்வையுள்ளவர்களின் கடமை இவ்வளவுதான் என்று அந்தச் சட்டம் சொல்வதாக எனக்குத் தோன்றுகிறது. 1976-லிருந்து இது பாராலிம்பிக்ஸில் பதக்கம் பெறும் போட்டியாகவும் இருக்கிறது.

இந்த நியாயத்தைக் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குக் கொண்டு வருவோம். 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் வந்த 'அட்வென்சர்', 'ஸோர்க்' போன்ற விளையாட்டுக்களில் படமே கிடையாது. "நீ ஒரு குகைக்குள் நிற்கிறாய், வடக்கே ஒரு வழி" என்கிற மாதிரி வாக்கியங்கள் வரும். "வடக்கே போ" என்று நீங்கள் தட்ட வேண்டும். எழுத்தை வாசித்துக் காட்டும் யந்திரக் குரல் ஒன்று இருந்துவிட்டால் பார்வையற்றவனும் மற்றவனும் ஒரே குகையில்தான் நிற்பார்கள். அப்புறம் படம் வந்தது. படம் வளர வளரக் கதவு சாத்திக்கொண்டது. யாரும் வேண்டுமென்று சாத்தவில்லை. வேண்டுமென்று சாத்தினால் சண்டை போடலாம். கவனிக்காமல் சாத்தினால் யாரோடு சண்டை போடுவது?

2005-ல் அமெரிக்கப் பத்திரிகைகளில் ஓர் அதிசயச் செய்தி வந்தது. நெப்ராஸ்கா மாகாணத்தில் பிறவியிலேயே பார்வையில்லாத 17 வயதுப் பையன் ஒருவன் 'மார்ட்டல் காம்பாட்' என்ற சண்டை விளையாட்டில் வந்தவர்களையெல்லாம் வீழ்த்துகிறான் என்று எழுதினார்கள். எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு ஆச்சரியப்படுகிறவர்கள் மேல்தான் சந்தேகம். ஆச்சரியப்படுவது, யோசிக்காமல் தப்பித்துக்கொள்வதற்கு மிகவும் கௌரவமான வழி. அந்தப் பையனிடம் மந்திரம் ஒன்றும் இல்லை. அந்த விளையாட்டில் ஒவ்வொரு அடிக்கும் உதைக்கும் தனித்தனிச் சத்தம் உண்டு. அது அவனுக்காக வைத்ததல்ல, அலங்காரத்துக்காக வைத்தது. அவன் தோற்றுத் தோற்று அந்தச் சத்தங்களைப் பாடம் செய்தான். பத்திரிகைகள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். தற்செயலாக வைத்த சத்தத்திலேயே ஒருவன் இவ்வளவு செய்கிறான் என்றால், வேண்டுமென்றே வைத்தால் எத்தனை பேர் செய்வார்கள்?

அந்தக் கேள்வியை அதற்கு முன்னாலேயே கேட்டவர் ஜப்பானில் ஒருவர் இருந்தார். கென்ஜி ஈனோ என்று பெயர், 2013-ல் காலமாகிவிட்டார். பயங்கரக் கதைகளை வைத்து வீடியோ கேம் செய்து புகழ் பெற்ற மனிதர். பார்வையற்றவர்கள் சிலர் தம் விளையாட்டுக்களை எப்படியோ முட்டி மோதி ஆடுகிறார்கள் என்று அவருக்குத் தெரிய வந்தது. அவர்களைப் போய்ப் பார்த்தார். 1997-ல் 'ரியல் சவுண்ட்: காஸே நோ ரிக்ரெட்' என்ற விளையாட்டை வெளியிட்டார். ஒரு காதல் கதை. திரையில் ஒன்றும் கிடையாது, இருட்டு. நடிகர்களின் குரலும் ஊரின் ஓசைகளும் மட்டும். கதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு மணியோசை கேட்கும்; எந்த வழி என்பதை ஆடுகிறவர் தீர்மானிக்க வேண்டும். விளக்கத் தாள் பிரெய்லில் அச்சாகி உடன் வந்தது.

ஸெகா கம்பெனி, இந்த விளையாட்டு தன்னுடைய சாட்டர்ன் யந்திரத்துக்கு மட்டுமே வேண்டும் என்று கேட்டது. சரி, அப்படியானால் பார்வையற்றவர்களுக்கு 1,000 யந்திரங்களை இனாமாகக் கொடு, நான் 1,000 பிரதிகளைக் கொடுக்கிறேன் என்றார் ஈனோ. கம்பெனி ஒப்புக்கொண்டது. இதைத் தர்மம் என்று சொல்கிறார்கள். எனக்கு இது நல்ல பேரமாகத்தான் படுகிறது. ஈனோ கம்பெனியின் இரக்கத்தை எதிர்பார்க்கவில்லை. அதற்கு வேண்டியதைக் கையில் வைத்துக்கொண்டு விலை சொன்னார். அதைவிடப் பெரிய சங்கதி, பார்வையுள்ளவனுக்கென்று தனிப் படம் போடாமல் அவனையும் அதே இருட்டில் உட்கார வைத்தது. கோல்பாலின் கண்கட்டுச் சட்டம்தான் அது.

ஆனாலும் என் தராசில் ஈனோவின் விளையாட்டு முழு எடை நிற்காது. அதில் கேட்பது அதிகம், செய்வது குறைவு. அவ்வப்போது வழி கேட்டு நிற்கும் நல்ல வானொலி நாடகம் என்று அதைச் சொல்லலாம். மனம் உருகலாம், கை பிசகித் தோற்க அதிக இடமில்லை.

அந்த இடத்தை 2010-ல் லண்டனில் 'ஸம்திங் எல்ஸ்' என்ற கம்பெனி உண்டாக்கியது. ஐபோனில் ஆடுவதற்கு வந்த அந்த விளையாட்டுக்குப் 'பாப்பா ஸாங்ரே' என்று பெயர். நீங்கள் செத்தவர்களின் ராஜ்யத்தில் இருக்கிறீர்கள். கும்மிருட்டு. காதில் ஹெட்போன். திரையின் கீழ்ப்பக்கத்தில் இடது பாதம் ஒன்று, வலது பாதம் ஒன்று. இரண்டு கட்டைவிரல்களாலும் மாறி மாறித் தட்டினால் நடக்கலாம். மேல்பக்கத்தில் விரலை இழுத்தால் திரும்பலாம். எங்கோ ஒரு மிருகம் மூச்சு விடுகிறது. அது இடப்பக்கமா வலப்பக்கமா, கிட்டவா எட்டவா என்று காதுதான் சொல்ல வேண்டும். பதறிப்போய் வேகமாகத் தட்டினால் கால் தடுக்கி விழுவீர்கள். மிருகம் வந்துவிடும். செத்தீர்கள்!

காது இதை எப்படிச் சொல்கிறது? இடப்பக்கத்துச் சத்தம் இடக்காதை எட்டி, ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாத நேரத்துக்குப் பின்னால் வலக்காதை எட்டுகிறது. நடுவில் தலை மறைப்பதால் கொஞ்சம் மெலிந்தும் எட்டுகிறது. அந்த நுண்ணிய வித்தியாசத்தை மூளை திசையாக மாற்றிக்கொள்கிறது. முன்னா பின்னா, மேலா கீழா என்பதைக் காது மடலின் வளைவுகள் சத்தத்தைத் திருப்பிவிடும் விதம் சொல்கிறது. இந்த வித்தியாசங்களையெல்லாம் கணக்குப் போட்டு ஹெட்போனில் கொடுத்துவிட்டால், வெறும் இருட்டில் ஓர் அறை எழும்பி நிற்கும். இது பார்வையற்றவனுக்கு ஆண்டவன் கொடுத்த விசேஷ வரம் அல்ல. எனக்கும் உங்களுக்கும் இருக்கிற காதுதான். அவன் உபயோகிக்கிறான், நாம் விட்டு வைத்திருக்கிறோம். ஆகவே இந்த ராஜ்யத்தில் முதலில் செத்து விழுகிறவர் பெரும்பாலும் கண்ணுள்ளவராகத்தான் இருப்பார்.

பாப்பா ஸாங்ரே இன்று கடையில் கிடைக்காது. போன் மாறியது, போனுக்குள் இருக்கும் ஏற்பாடுகள் மாறின. விளையாட்டு பின்தங்கி மறைந்துவிட்டது. பார்வையுள்ளவனுக்கு ஒரு விளையாட்டு மறைந்தால் ஆயிரத்தில் ஒன்று போயிற்று. பார்வையற்றவனுக்கு அவனுடைய சிறிய அலமாரியிலிருந்து பெரிய புஸ்தகம் ஒன்று போயிற்று. புண்ணியக் காரியம் என்று தொடங்குகிறவற்றின் லட்சணம் இது. தொடங்கும்போது கைதட்டல் உண்டு. தொடர்ந்து பராமரிக்கும்போது கைதட்ட ஆள் இல்லை.

ஆகவேதான் தனி அலமாரி மட்டும் போதாது, பொது நூலகத்தின் கதவும் திறக்க வேண்டும் என்கிறேன். தனியாகச் செய்கிறவற்றில் இன்னொரு குறையும் உண்டு. 2015-ல் பிரான்ஸில் 'எ பிளைண்ட் லெஜண்ட்' என்று ஒன்று செய்தார்கள். கதாநாயகன் கண்ணிழந்த வீரன், மகள் குரல் கொடுத்து வழிகாட்டுகிறாள். 2021-ல் கனடாவில் 'தி வேல்' என்று ஒன்று. கதாநாயகி பார்வையற்ற ராஜகுமாரி. இரண்டும் நல்ல முயற்சிகள்தான். ஆனால் கண்ணுள்ளவன் விளையாட்டில் திருடனாகிறான், ராஜாவாகிறான், பறவையாகிறான். பார்வையற்றவன் மட்டும் விளையாட்டிலும் பார்வையற்றவனாகவே இருக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

பொதுக் கதவு திறக்கத்தான் செய்கிறது. 2020-ல் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' என்ற பெரும் விளையாட்டின் இரண்டாம் பாகம் வந்தபோது, ஊனமுற்றவர்கள் ஆடுவதற்கான அறுபதுக்கும் மேற்பட்ட வசதிகள் அதில் இருந்தன. எழுத்தைக் குரலாக்கும் வசதி, எதிரியும் பொருளும் எந்தத் திசையில் என்று சொல்லும் ஓசைகள், பாதை தவறாமல் திருப்பிவிடும் ஏற்பாடு எல்லாம் உண்டு. பார்வையற்றவர்கள் அதைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஆடி முடித்தார்கள். 2023-ல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறான், அடி மேலே விழுகிறதா கீழே விழுகிறதா என்பதை ஓசையால் சொல்ல ஆரம்பித்தது. நெப்ராஸ்காப் பையன் தற்செயலாகப் பொறுக்கிக்கொண்டதை இப்போது வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். அதே வருஷம் 'ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்' என்ற கார்ப் பந்தயம் வந்தது. ரோட்டின் ஓரம் எது, வளைவு எந்தப் பக்கம், பிரேக் எப்போது என்பதற்கெல்லாம் அதில் சத்தம் உண்டு.

இதற்கு வரும் ஆட்சேபணைகள் இரண்டு. இத்தனை வசதி சேர்த்தால் கலை கெட்டுவிடும் என்பது முதலாவது. வேண்டாதவன் அந்த வசதியை மூடி வைத்துக்கொள்ளலாம். மூடியிருக்கும் ஜன்னலால் எந்த வீடும் கெட்டதில்லை. அந்த இரண்டாம் பாகம் முதல் மூன்று நாளிலேயே 40 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. கலை கெட்டுவிட்டது என்று யாரும் கடையை விட்டு ஓடவில்லை.

செலவு அதிகம், ஆட்கள் குறைவு என்பது இரண்டாவது. 2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகத்தில் பார்வையற்றவர்கள் ஏறக்குறைய 4 கோடியே 30 லட்சம் பேர். குறைவா? ஆனால் இந்தத் தொகையைச் சொல்லி வாதாட எனக்கு மனமில்லை. ஆள் கணக்குக் காட்டினால்தான் நியாயம் கிடைக்கும் என்றால் அது நியாயமல்ல, வியாபாரம். புல்லின் ஒரு நுனி எப்படி அசைய வேண்டும் என்பதற்குப் பத்துப் பேரை உட்கார வைத்து வேலை வாங்கும் தொழில் இது. அங்கே பள்ளத்தின் ஓரத்தில் ஒரு சத்தம் வைக்கப் பணமில்லை என்றால், இல்லாதது பணமல்ல.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். லாஸ்ட் ஆஃப் அஸ்ஸுக்கும் ஃபோர்ஸாவுக்கும் யோசனை சொன்னவர்களில் பிராண்டன் கோல் என்ற பார்வையற்ற அமெரிக்கர் ஒருவர். 2024-ல் காலமானார். அவருக்கு வேண்டியிருந்தது கார் தானாக ஓடுவதல்ல. கார் தானாக ஓடினால் அவர் பிரயாணி. சத்தத்தைக் கேட்டு அவரே திருப்பினால்தான் ஓட்டுகிறவர். திருப்பத் தவறிச் சுவரில் மோதினால் அந்த மோதலும் அவருடையது. இந்த வித்தியாசம் இரக்கப்படுகிறவனுக்குத் தெரியாது, ஆடுகிறவனுக்குத்தான் தெரியும்.

இது புதிய பாடமும் அல்ல. கண்ணுள்ளவர்களின் எழுத்தையே மேடாக அச்சடித்து, இதைத் தடவிப் படி என்று பாரிஸ் பள்ளிக்கூடத்தில் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அங்கே படித்த லூயி பிரெய்ல் விரலுக்கு ஏற்ற புள்ளி எழுத்தைச் செய்து 1829-ல் வெளியிட்டார். பார்வையுள்ள நிர்வாகிகள் ஒரு சமயம் அதைத் தடை செய்தார்கள். மாணவர்களோ விடவில்லை. பிரெய்ல் இறந்தது 1852-ல். பிரான்ஸ் அந்த எழுத்தை முறையாக ஏற்றுக்கொண்டது 1854-ல். எது நல்லது என்று எவன் விரலுக்குத் தெரியுமோ அவனைக் கேட்காமல் நல்லது செய்யப் புறப்பட்டவர்கள் இழைத்த கால தாமதம் அது. விளையாட்டிலும் அந்தத் தாமதம் வேண்டுமா?

ஆகையால் விளையாட்டுச் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்று. பார்வையற்றவனுக்குச் சுலபமான ஆட்டத்தைக் கொடுக்காதீர்கள். சொல்ல வேண்டியதை அவன் காதில் சொல்லிவிட்டு, அப்புறம் ஈவிரக்கமில்லாமல் அவனோடு மோதுங்கள். செய்யத் தொடங்கும் நாளிலேயே அவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள். செய்து முடித்த பிறகு நாடாவை வெட்டக் கூப்பிடாதீர்கள்.

புண்ணியம் தேடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்வேன். பர்ஸை மூடுங்கள், கண்ணையும் மூடுங்கள், ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண் தெரியாத ஒருவரோடு அவருடைய இருட்டில் ஓர் ஆட்டம் ஆடுங்கள். தோற்பீர்கள். அவர் உங்களுக்காக இரங்கி விட்டுக்கொடுக்காமல் இருந்தால், அதுதான் அவர் உங்களுக்குச் செய்கிற மரியாதை. அந்த மரியாதையை அவருக்குத் திருப்பிக் கொடுங்கள். அவர் கேட்பதெல்லாம் அவ்வளவே.